புளியமரத்தடியில் கிடந்த சட்டிப் பலுகு

பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எடை போட்டால் 160 கிலோ வரும், கிலோவுக்கு 30 ரூபாய் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவருவதாகப் பேச்சு. ஆனைமலைப் பக்கம் உள்ள எங்கள் பெரியப்பா தோட்டத்தில், களத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த சட்டிப் பலுகுக்குத்தான் அந்த விலை. புதன்கிழமை இரவு, பெரியப்பா மகன், என் அண்ணன், போன் செய்தார். "தம்பி, கொடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா வந்து பாரு. ஓட்டற நிலைமையில இருந்தா ஓட்டலாம். இல்லீன்னா போகட்டும்" என்றார்.

நான் பயிர்களைப் படித்தவன், இயந்திரங்களைப் படித்தவன் அல்ல. ஆனாலும் மண்ணுக்கு எந்தக் கருவி என்ன செய்யும் என்பது உழவியலுக்குள் வருகிற பாடம்தான். தென்னந்தோப்புகளில் ரோட்டாவேட்டரை மட்டுமே நம்பி ஓட்டுவதைப் பற்றி எனக்கு நெடுநாள் குறை உண்டு. அதனால் மறுநாளே கிளம்பிப் போனேன். அடுத்த இரண்டு மாதங்களில், விட்டுவிட்டுச் செய்த வேலையாக ஒன்பது நாள், அந்தக் கருவியோடு போராடினோம். அதில் சரியாகச் செய்ததையும் தப்பாகச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். ஊருக்கு நாலு தோட்டத்திலாவது இப்படி ஒரு கருவி துருப்பிடித்துக் கிடக்கத்தான் செய்கிறது.

எது சட்டிப் பலுகு?

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'சட்டிக் கலப்பை' என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டு வேறு கருவிகள் உண்டு. சட்டிக் கலப்பையில் இரண்டு அல்லது மூன்று பெரிய சட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழலும். அது ஆழமாக முதல் உழவு ஓட்டுவதற்கு. சட்டிப் பலுகு என்பது டிஸ்க் ஹாரோ. இதில் நாலைந்து சிறிய சட்டிகளை ஒரே சதுரத் தண்டில் கோத்திருப்பார்கள். இந்தக் கோர்வைக்குப் பட்டறையில் 'கேங்' என்று பெயர். கேங்கில் உள்ள சட்டிகள் எல்லாம் சேர்ந்தே சுழலும். கட்டி உடைக்க, தாள் வெட்ட, பசுந்தாளை மடக்கிவிட இதுதான் கருவி.

எங்களுடையது மினி டிராக்டருக்கு ஏற்ற சிறிய கருவி. நாலு சட்டி கொண்ட கேங் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். சட்டிக்குச் சட்டி 7 அங்குலம், மொத்த அகலம் 1.4 மீட்டர். இரண்டு கேங்கும் மண்ணை வெளிப்பக்கமாகத் தள்ளும். பெரிய டிராக்டருக்கான பலுகுகளில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நாலு கேங் இருக்கும், அல்லது ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்த இரண்டு நீளக் கேங் இருக்கும். முன்னது தள்ளிய மண்ணைப் பின்னது திருப்பித் தள்ளிச் சமன் செய்துவிடும். எங்கள் கருவியில் அந்த வசதி இல்லை. இதன் விளைவைத் தோப்புக்குள் இறங்கும்போது சொல்கிறேன்.

செய்த பட்டறையின் பெயர்ப்பலகை எதுவும் அதில் இல்லை. பெரியப்பா எங்கிருந்து வாங்கினார் என்பது பெரியம்மாவுக்கும் நினைவில்லை.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

துரு பயமுறுத்தும். உண்மையில் துரு சின்னப் பிரச்சினை. மேலே செதில் செதிலாக உரிந்தாலும் உள்ளே இரும்பு கெட்டியாக இருக்கும். கருவியை மீட்கலாமா, எடைக்குப் போடலாமா என்பதை முடிவுசெய்வது வேறு மூன்று விஷயங்கள்.

முதலாவது சட்டகம். ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து அளந்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டகம் முறுக்கவில்லை என்று அர்த்தம். எங்களுடையதில் அரை விரல்கடை வித்தியாசம் இருந்தது. அது பரவாயில்லை. மூன்று நாலு விரல்கடை இருந்தால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது சதுரத் தண்டு. இதுதான் கருவியின் முதுகெலும்பு. தண்டின் ஓரமாக நூல் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த தண்டில் சட்டிகள் நொண்டிக்கொண்டே சுற்றும், புஷ் நிற்காது. வளைவை அடித்து நிமிர்த்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை, புதுத் தண்டு போடுவதே மேல்.

மூன்றாவது சட்டியின் நடுவில் உள்ள சதுரத் துளை. சட்டியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தண்டு அசையாமல் சட்டி மட்டும் அசைந்தால் துளையின் மூலைகள் தேய்ந்துவிட்டன. அந்தச் சட்டி தண்டையும் தின்றுகொண்டிருக்கும். எங்கள் எட்டுச் சட்டிகளில் ஒன்றில் இப்படி இருந்தது. இன்னொன்றில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி விரல் நீளத்துக்கு வெடிப்பு. மற்ற ஆறும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. அந்த 'பார்வைக்கு' என்ற சொல்லுக்குப் பிறகு விலை கொடுத்தோம்.

தண்டு இரண்டும் நேராக இருந்ததைப் பார்த்ததும் இரும்புக்காரரை வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

சம்மட்டி செய்த வேலை

கேங்கைப் பிரிக்க வேண்டுமானால் தண்டின் முனையில் உள்ள பெரிய நட்டு கழல வேண்டும். முப்பது வருடத் துரு அதைத் தண்டோடு ஒன்றாக்கியிருந்தது. டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி, காலையும் மாலையும் ஊற்றினோம். நாலு நாள் ஊறியது. பிறகு ஸ்பேனரில் ஐந்தடிக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினோம். ஒரு பக்கம் கழன்றது. மறுபக்கம் அசையவில்லை.

அதற்குக் கேஸ் வெல்டிங்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சூடு காட்டும்போது நட்டுக்கு மட்டும் காட்ட வேண்டும், தண்டுக்குக் காட்டக் கூடாது. நட்டு விரிந்தால்தான் துருவின் பிடி விடும். இரண்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்து விரியும், பிடி அப்படியே இருக்கும். இன்னொன்று, பக்கத்தில் கிரீஸ் அடைத்து மூடிய பேரிங் கூடு இருந்தால் அதன் அருகே தீயைக் கொண்டுபோகவே கூடாது. உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும். டீசல் துணியை அவிழ்த்து, சொட்டில்லாமல் துடைத்து, தூரத்தில் வைத்துவிட்டுத்தான் தீயைப் பற்றவைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நட்டு போன பிறகு சட்டிகளும், இடையில் உள்ள வார்ப்பிரும்பு உருளைகளும் (ஸ்பூல் என்பார்கள்) தண்டிலிருந்து உருவ வேண்டும். இங்கேதான் எனக்கு அவசரம் வந்தது. மூன்றாவது ஸ்பூல் வரவில்லை. சம்மட்டியை எடுத்து நாலு போடு போட்டேன். ஐந்தாவது அடியில் மண் குடம் உடைவது போல இரண்டாகப் பிளந்தது.

வார்ப்பிரும்பு எடையைத் தாங்கும், அடியைத் தாங்காது. லேத் பட்டறைக்காரரிடம் உடைந்த துண்டுகளைக் கொண்டுபோனபோது, "டாக்டரு பட்டம் வாங்குனவரு அடிக்கற அடியாங்க இது? மரக்கட்டையை வெச்சுத் தட்டீருந்தா தானா வந்திருக்குமுங்களே" என்றார். துண்டுகளைச் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒட்ட முடியுமா என்று கேட்டேன். ஒட்டும், ஓட்டும்போது பக்கத்திலேயே மறுபடி விரியும் என்றார். பித்தளை வைத்து ஊதி ஒட்டலாம், ஆனால் அளவு மாறிவிடும். ஸ்பூலின் நீளம் ஒரு நூல் மாறினாலும் கேங் இறுக்கமாக நிற்காது. கடைசியில் கனமான குழாயை வெட்டிக் கடைந்து புதிதாக ஒன்று செய்து கொடுத்தார்.

அப்போது அவர் காட்டிய ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்பூலின் இரண்டு முனைகளும் ஒன்று போல இருக்காது. ஒரு முனை குமிழாக இருக்கும், சட்டியின் உட்குழிவில் பொருந்துவதற்கு. மறுமுனை குழிந்திருக்கும், சட்டியின் முதுகில் உட்காருவதற்கு. மாற்றிக் கோத்தால் சட்டி முழுப் பரப்பில் உட்காராமல் விளிம்பில் மட்டும் உட்காரும். நட்டை இறுக்க இறுக்க சட்டி வெடிக்கும். எங்கள் வெடித்த சட்டிக்குப் பக்கத்து ஸ்பூல் அப்படித் தலைகீழாகத்தான் கோக்கப்பட்டிருந்தது. எப்போதோ யாரோ பிரித்துச் சேர்த்தபோது செய்த பிழை. ஆகவே பிரிக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேயுங்கள். அந்தக் கால பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகள் விளையாடும் வாசலில் அந்த வேலை வேண்டாம்.

75 சுற்றுக்கு மரம் போதும்

ஒவ்வொரு கேங்குக்கும் இரண்டு இடத்தில் தாங்கி. கூட்டைத் திறந்தால் உள்ளே பேரிங் இல்லை. இரண்டு பாதியாகச் செய்த மரப் புஷ், கரிக்கட்டை போல உதிர்ந்து கிடந்தது. பால் பேரிங் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குக் கூட்டையும் மாற்ற வேண்டும், சட்டகத்திலும் வெட்டு வேலை வரும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 அங்குலச் சட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 1.28 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் டிராக்டர் நிமிடத்துக்கு 100 மீட்டர் போகிறது. அப்படியானால் சட்டி நிமிடத்துக்கு 75 சுற்று அளவில்தான் சுற்றும். மாட்டு வண்டிச் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகம்தான், ஆனாலும் இயந்திரக் கணக்கில் இது மெதுவான சுழற்சி. இந்த வேகத்துக்கு மரம் போதும். பிரச்சினை வேகமல்ல, மண் உள்ளே போவது.

பட்டறைக்காரர் காய்ந்த கருவேலங்கட்டையில் நாலு ஜோடி புஷ் கடைந்தார். சூடான எண்ணெயில் குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து, அதே எண்ணெயில் இரவு முழுக்க ஆறவிட்டார். ஆறும்போதுதான் மரம் எண்ணெயை உறிஞ்சும். கூட்டில் கிரீஸ் நிப்பிள் வைத்தோம். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும் வரை, தினமும் வேலை தொடங்கும் முன் அடிக்க வேண்டும். பிதுங்கி நிற்கும் கிரீஸ்தான் மண்ணைத் தடுக்கும் வேலி. அதைச் சுத்தமாகத் துடைத்துவிடாதீர்கள்.

உங்கள் கருவியில் ஏற்கெனவே பேரிங் இருந்தால் அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள். மரத்தைத் தேடிப் போக வேண்டாம்.

இரண்டு புதுச் சட்டி, ஆறு பழைய சட்டி

கெட்டுப்போன இரண்டு சட்டிக்குப் பதிலாக 16 அங்குலத்தில் இரண்டு புதுச் சட்டி வாங்கி, மற்ற ஆறோடு சேர்த்துக் கோத்துவிட்டோம். சிக்கனம் என்று நினைப்பு. களத்து ஓரத்தில் ஓட்டிப் பார்த்தபோது டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் வலது கேங்கில் இருந்த இரண்டு புதுச் சட்டிகளும் மண்ணில் நன்றாக இறங்கியிருந்தன. பக்கத்தில் இருந்தவை மேலாகக் கீறிக்கொண்டு போயிருந்தன.

டேப் வைத்து அளந்தோம். பழையவை 14 அங்குலம், பதினாலரை என்று தேய்ந்திருந்தன. ஒரே தண்டில் கோத்த சட்டிகள் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பெரிய சட்டி ஒரு சுற்றில் கடக்கும் தூரத்தைச் சின்னச் சட்டி கடக்காது. அதனால் சின்னது வழுக்கிக்கொண்டே வரும், விளிம்பு இன்னும் தேயும். பெரியது மட்டும் எடையைத் தாங்கும். வேளாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியவன் இதை முதலிலேயே அளந்து பார்த்திருக்க வேண்டும். மறுபடி நட்டைக் கழற்றி, இன்னும் ஆறு சட்டி வாங்கி, எட்டையும் ஒரே அளவாகப் போட்டோம்.

16 அங்குலச் சட்டி தேய்ந்து 14-ஐ நெருங்கிவிட்டால் மாற்றுவதே நல்லது. விட்டம் குறையும்போது ஆழமும் குறையும், தண்டும் ஸ்பூலும் மண்ணில் உரசத் தொடங்கும். தேய்மானம் குறைவாக, எட்டும் ஒரே அளவாக இருந்தால் சாணை பிடித்தால் போதும். ஏற்கெனவே எந்தப் பக்கம் சரிவு இருக்கிறதோ அதே பக்கம், கை கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஆறவிட்டு. விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் ஒரு பருவம்கூட நிற்காது. வெடித்த சட்டியை வெல்டு வைத்து ஓட்டாதீர்கள். பதம் ஏற்றிய எஃகு, வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். கல்லில் மோதித் துண்டு தெறித்தால் பின்னால் வருபவர் கதி என்ன?

பழைய சட்டிகளை வீணாக்கவில்லை. அவற்றை வெட்டித்தான் எட்டு மண் வழிப்பான்களைச் செய்தார் பட்டறைக்காரர். வழிப்பானுக்கும் சட்டிக்கும் இடையே இரண்டு தீக்குச்சிக் கனம் இடைவெளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் சட்டியைச் சுரண்டும், விலக்கி வைத்தால் ஈரமண் அப்பிக்கொள்ளும்.

நட்டை இறுக்கியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் சட்டி, ஸ்பூல் எல்லாம் அதனதன் இடத்தில் அமரும், நட்டு தளரும். நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இதை விட்டுவிட்ட கருவிகளில்தான் சதுரத் துளை வட்டத் துளையாகிறது. டிராக்டரோடு இணைக்கும் பின்களையும் பாருங்கள். சிறிய டிராக்டர்களின் மும்முனை இணைப்பில் கீழ்க்கைகளுக்கு 22 மி.மீ., டாப் லிங்குக்கு 19 மி.மீ. பின் வர வேண்டும். எங்கள் கருவியில் யாரோ கிடைத்த கம்பியை வெட்டிச் செருகியிருந்தார்கள். ஆடிக்கொண்டே வரும் கருவி ஒரே ஆழத்தில் போகாது.

மேலே இருந்த பெட்டி

சட்டகத்தின் மேல் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. சட்டிப் பலுகு மண்ணில் இறங்குவது அதன் சொந்த எடையால்தான். பெரும்பாலான டிராக்டர்களில் ஹைட்ராலிக் கருவியைத் தூக்கும், கீழே அழுத்தாது. அதனால் கெட்டியான மண்ணில் பெட்டியில் கல்லோ மணல் மூட்டையோ வைப்பார்கள். கல்லைத் தேடிக் கொண்டுவரச் சோம்பல்பட்டால் ஆளை உட்கார வைப்பார்கள்.

நானே அதில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எனக்குப் பத்து, பதினொரு வயது. அண்ணனுக்குப் பதினாலு. மாட்டு உழவுக் காலத்தில் பரம்புப் பலகை மீது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்களே, அதே பழக்கம்தான் டிராக்டருக்கும் வந்தது. பரம்பிலிருந்து விழுந்தால் சேற்றில் விழுவோம். இதில் விழுந்தால் எட்டுக் கத்திகள். ஒருநாள் வரப்பைத் தாண்டும்போது பெட்டி துள்ளியது. நான் உள்பக்கம் விழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் பின்பக்கம் விழுந்தார். வலது காலில் இரண்டு விரல் போயிற்று. பெரியப்பா அன்றைக்குக் கருவியைக் கழற்றி புளியமரத்தடியில் போட்டவர், சாகும்வரை அதைத் தொடவில்லை. விற்கவும் இல்லை. பெரியம்மா அந்தப் பக்கம் சாணி கொட்டக்கூடப் போக மாட்டார்.

இப்போதும் இதைக் கிராமங்களில் பார்க்கிறேன். கலப்பை மேல் ஆள், ரோட்டாவேட்டர் மூடி மேல் ஆள், மட்கார்டில் பிள்ளைகள். களப் பணியாளர்கள் செயல்விளக்கம் நடத்தும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான், மண் ஈரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பெட்டியை வெட்டி எடுத்துவிடலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "எடை இல்லாம இது இறங்காது தம்பி. பெட்டி இருக்கட்டும், மேலே யாரும் உக்கார முடியாத மாதிரி பண்ணு" என்றார். பெட்டியின் அளவுக்கு வெட்டிய கருங்கற்களை உள்ளே அடுக்கினோம். மேலே கனமான கம்பி வலையை, நடுவில் உயர்த்திக் கூரை போல வளைத்து, போல்ட் போட்டு மூடினோம்.

பின்னால் எடை கூடினால் மினி டிராக்டரின் முன்சக்கரம் லேசாகிவிடும். கருவியைத் தூக்கிய நிலையில், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. முன்பக்கம் எடைக்கட்டை மாட்டாமல் தோப்புக்குள் போகவில்லை. தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் குனிந்து வேலை பார்ப்பதாக இருந்தால் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே குனியுங்கள். ஹைட்ராலிக்கை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

தென்னை வரிசைக்குள்

ஜூன் மழைக்குச் சணப்பு விதைத்தோம். 45 நாளில் பூ எடுக்கத் தொடங்கியது, ஆள் உயரம். ரோட்டாவேட்டரை விட்டால் சணப்பின் நார்த்தண்டு கயிறு போலச் சுழல்தண்டில் சுற்றிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரிவாளோடு இறங்க வேண்டும். சட்டி அப்படியல்ல, உருண்டுகொண்டே நறுக்கும். முதலில் பனங்கட்டையை இழுத்துச் சாய்த்துவிட்டு, சாய்ந்த வாக்கிலேயே பலுகை ஓட்டினோம். முதல் ஓட்டத்தில் பாதிதான் மடங்கியது. ஒரு நாள் வாடவிட்டு, மறுநாள் குறுக்கே ஓட்டியதும் மண்ணுக்குள் போயிற்று.

தென்னை வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கிறது. அதற்குள் சட்டியைக் கொண்டுபோகக் கூடாது. 7.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கமும் 2 மீட்டர் விட்டால் நடுவில் 3.5 மீட்டர் பட்டை கிடைக்கும். எங்கள் பலுகு 1.4 மீட்டர் அகலம். ஒவ்வொரு ஓட்டத்திலும் பாதி அகலம் ஏற்கெனவே ஓட்டிய இடத்தின் மேல் வரும்படி போனால், நாலு ஓட்டத்தில் அந்தப் பட்டை சரியாக முடியும். பாதிக்குப் பாதி மேலே போவது வீண் டீசல் என்று தோன்றும். ஆனால் இந்த வகைப் பலுகில் இரண்டு கேங்குக்கும் நடுவே ஒரு சாண் மண் உழாமல் நிற்கும். அதை அடுத்த ஓட்டம்தான் எடுக்கும். மண்ணையும் இது எப்போதும் வெளிப்பக்கமே தள்ளுவதால், ஒரே வாக்கில் வருடம் முழுக்க ஓட்டினால் நடுவில் பள்ளமும் மரத்தோரம் மேடும் விழும். சதுர நடவுத் தோப்பில் நெட்டாக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை என்று மாற்றி ஓட்டினால் இது சரியாகிவிடும். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி வைக்காமல் டிராக்டரைக் கிளப்பாதீர்கள். இதை நாங்கள் இரண்டு இடத்தில் குழாயை நறுக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

திரும்பும்போது கருவியின் ஓரம் அடிமரத்தில் பட்டுவிடாமல் பார்ப்பது முக்கியம். அந்தக் காயத்தில்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். பட்டுவிட்டால் அன்றைக்கே காயத்தில் தார் பூசுங்கள்.

ஆழம் 3 முதல் 4 அங்குலம் போதும். கேங்கின் சாய்வுக் கோணத்தைக் கூட்டினால் ஆழம் கூடும், இழுவையும் கூடும். எங்கள் டிராக்டர் 18.5 குதிரைத்திறன். நடுத் துளையில் பின் போட்டால் சிரமமில்லாமல் இழுக்கிறது, கடைசித் துளையில் புகை தள்ளுகிறது. மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள், உதிர்ந்தால் ஓட்டலாம். அப்பளம் போல ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஓட்டினால் சட்டிக்கு அடியில் மண் இறுகித் தட்டு விழும். ஒரே ஆழத்தில் வருடக்கணக்கில் ஓட்டினாலும் இதே கதிதான். பயிர் வைக்கும் திறந்த நிலத்தில் உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெட்டும் குறுக்குமாக ஓட்டி அந்தத் தட்டை உடைக்கலாம். வளர்ந்த தென்னந்தோப்பில் வேருக்குப் பயந்து அதைச் செய்ய முடியாது. அதனால் தோப்பில் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பலுகு வேண்டாம் என்பதே என் கருத்து.

அருகும் கோரையும் மண்டிய இடத்தில் இந்தக் கருவியை இறக்கவே வேண்டாம். ஒரு கொடியைப் பத்துத் துண்டாக நறுக்கி, பத்து இடத்தில் நட்டுவிட்டு வரும்.

செலவுக் கணக்கு

சட்டி எட்டுக்கும் 9,200 ரூபாய். ஸ்பூல் கடைசலுக்கு 1,400. மரப் புஷ், நிப்பிள், கிரீஸ் 1,600. வெல்டிங், கம்பி வலை, பின்கள் 2,300. பெயின்ட், டீசல், கம்பி பிரஷ் வகையறா 1,100. ஆக 15,600. இரும்புக்காரர் தருவதாகச் சொன்ன 4,800-ஐயும் சேர்த்தால் 20,400 ரூபாய் இதில் முடங்கியிருக்கிறது. எங்கள் இருவரின் ஒன்பது நாள் கூலி தனி. அதே அளவில் புதிய கருவிக்கு அண்ணன் விசாரித்த விலை இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தண்டு வளைந்திருந்தாலோ, சட்டகத்தையும் மாற்ற வேண்டியிருந்தாலோ இந்தக் கணக்கு கட்டாது. இரும்புக்காரருக்கே கொடுத்துவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் திட்ட மானியத்தில் புதிது கிடைக்குமா என்று விசாரித்திருப்போம். சிறு, குறு விவசாயிகள், பட்டியல் இனத்தவர், மகளிருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்ற அளவில் அந்த மானியம் உண்டு. வருடத்துக்கு இரண்டே நாள் வேலை என்றால் அதுவும் வேண்டாம், துறையின் வாடகைக் கருவியே போதும்.

சணப்பை மடக்கிய அன்று மாலை சட்டிகளைக் கழுவி, காயவைத்து, டிராக்டரில் வடித்த பழைய ஆயிலைத் துணியில் தொட்டு முழுக்கப் பூசினோம். இந்த முறை புளியமரத்தடிக்கு வேண்டாம் என்று கொட்டகைக்குள் பலகை போட்டு அதன் மேல் இறக்கினோம். பெரியம்மா வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, பெட்டி மேல் இருந்த கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இன்னும் ரெண்டு போல்ட்டு போடு கண்ணு" என்றார். மறுநாள் போட்டோம்.